ஹோட்டல் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கா போறீங்களா? முதல்ல டிஎஸ்-7002 படிங்க

கேட்டரிங் காலேஜ் பசங்கள வெளிநாட்டு ட்ரெய்னிங்குக்கு ரெடி பண்ற வேலைல இருக்கேன். வருஷா வருஷம் எங்கிட்ட வர்ற முதல் கேள்வி "சார், விசா இன்டர்வியூல என்ன கேப்பாங்க?" அதுக்கு நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "உன் டிஎஸ்-7002ல என்ன எழுதியிருக்கு?" அமெரிக்கால என்ன ட்ரெய்னிங் எடுக்கப் போறீங்கன்னு எழுதியிருக்கற பிளான் ஃபார்ம் அது. பாதிப் பேர் முழிப்பாங்க. கையெழுத்து போட்டிருப்பாங்க, படிச்சிருக்க மாட்டாங்க.

இந்த ட்ரெய்னிங்குக்குப் போற ஜே-1 விசா வேலை விசா கிடையாது, இத முதல்ல மண்டைல ஏத்திக்கணும். 1961ல போட்ட ஒரு சட்டத்துல வந்த கலாச்சாரப் பரிமாற்றத் திட்டம் இது, நடத்துறது அமெரிக்க வெளியுறவுத் துறை. இதுல மூணு தரப்புதான். அந்தத் துறை அங்கீகாரம் கொடுத்த ஸ்பான்சர், உங்கள எடுத்துக்கற ஹோட்டல், அப்புறம் நீங்க. நம்ம ஊர்ல "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் தம்பி"ன்னு லட்சக்கணக்குல பணம் கேக்குற ஏஜென்ட் டிஎஸ்-2019 (ஜே-1 விசாவுக்கு அப்ளை பண்ணத் தேவையான தகுதிச் சான்று) கொடுக்க முடியாது, அத ஸ்பான்சர்தான் கொடுக்கணும். ஸ்பான்சர் லிஸ்ட் அந்தத் துறையோட ஜே-1 வெப்சைட்லயே இருக்கு, பேரைப் போட்டுத் தேடுங்க, இல்லைன்னா அங்கயே நிறுத்திடுங்க, கொடுத்த அட்வான்ஸ் போனா போகுது.

படிச்சிட்டு இருக்கறவங்க, இல்ல படிச்சு முடிச்சு 12 மாசத்துக்குள்ள ப்ரோக்ராம் ஆரம்பிக்கறவங்க இன்டர்ன். டிகிரியோட அமெரிக்காவுக்கு வெளிய ஒரு வருஷ அனுபவமோ, டிகிரி இல்லாம அஞ்சு வருஷ அனுபவமோ இருந்தா ட்ரெய்னி. வேற துறைல ட்ரெய்னி 18 மாசம் வரைக்கும் போகலாம், ஆனா ஹோட்டல், டூரிஸம்னா 12 மாசம்தான். "ஹோட்டல்ல பதினெட்டு மாசம் வாங்கித் தரேன்"னு யாராவது சொன்னா அவருக்கு ரூல் தெரியல, இல்ல உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கறாரு.

இப்ப அந்த டிஎஸ்-7002. எந்த டிபார்ட்மென்ட்ல எவ்ளோ நாள், யார் சூப்பர்வைசர், என்ன கத்துக்கப் போறீங்க, எவ்ளோ காசு, எல்லாம் கட்டம் கட்டமா இதுல இருக்கும். ஹாஸ்பிடாலிட்டில ஆறு மாசமோ அதுக்கு மேலயோ போறதா இருந்தா குறைஞ்சது மூணு டிபார்ட்மென்ட்லயாவது ரொட்டேஷன் இருக்கணும்ங்கறது ரூல். வாரத்துக்கு குறைஞ்சது 32 மணி நேரம். ஆபீஸ் எடுபிடி வேலை 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, சும்மா கூலி வேலைக்கு ஆள் நிரப்புறதுக்கும் இந்த ப்ரோக்ராம யூஸ் பண்ணக்கூடாது. அதனால பேப்பர்ல 12 மாசமும் ஹவுஸ்கீப்பிங் ரூம் க்ளீனிங்னு மட்டும் இருந்தா கையெழுத்து போடாம ஸ்பான்சருக்கு மெயில் போடுங்க.

பேப்பர் ஒழுங்கா இருந்தும் அங்க போனப்புறம் மாறுறதும் நடக்கும். பையன் கோல்ட் கிச்சன்ல நல்லா சாலட் போடுறான், வேகமா இருக்கான், சீசன் நேரம், செஃப் அவன விடவே மாட்டாரு, ஆறாவது மாசமும் அங்கயே நிப்பான். நம்ம பசங்க வாயத் தொறக்க மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். முதல்ல சூப்பர்வைசர்ட்ட பேசுங்க, அப்புறம் ஸ்பான்சருக்கு டிஎஸ்-7002ல இருக்கற தேதியோட எழுத்துல அனுப்புங்க, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டாம். ஆறு மாசத்துக்கு மேல போற ப்ரோக்ராம்ல நடுவுல ஒரு மதிப்பீடு, கடைசில ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், நடுவுல வர்ற அந்த ஃபார்ம்ல "ஆல் குட்"னு எழுதிட்டு ராத்திரி அம்மாட்ட போன்ல அழுவுறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. உங்க பாஸ்போர்ட்ட "சேஃப்டிக்கு"ன்னு கூட யார்ட்டயும் கொடுக்காதீங்க. ரொம்ப மோசமான நிலைமைன்னா வெளியுறவுத் துறையோட ஜே-1 ஹெல்ப்லைன் 1-866-283-9090, போன்ல சேவ் பண்ணிட்டே கிளம்புங்க.

விசா இன்டர்வியூவுக்கும் இதே டிஎஸ்-7002தான் சிலபஸ். சென்னைல ஜெமினி பக்கத்துல இருக்கற கான்சுலேட்ல கவுன்ட்டர் முன்னாடி ரெண்டு மூணு நிமிஷம் நின்னாலே பெரிசு. "ஐ வில் வொர்க் இன் ஹோட்டல்"னு சொன்னா வேலைக்குப் போற ஆளுன்னுதான் தோணும், விசாவுக்குத் தகுதின்னு நிரூபிக்கலைன்னு சொல்ற 214(பி) பிரிவுல ரிஜெக்ட் ஆக அது போதும். "முதல் நாலு மாசம் கோல்ட் கிச்சன், அப்புறம் பேங்க்வெட், கடைசில ஹாட் லைன் (சூடா சமைக்கற பகுதி), திரும்பி வந்து இதப் பண்ணப் போறேன்"னு உங்க சொந்த இங்கிலீஷ்ல சொல்லுங்க, மனப்பாடம் பண்ணினது தெரிஞ்சிடும். செவிஸ் ஃபீஸ் (வெளிநாட்டு மாணவர், பரிமாற்றத் திட்டக்காரங்க பதிவுக்கான கட்டணம்) 220 டாலர், விசா ஃபீஸ் 185 டாலர், ரிஜெக்ட் ஆனாலும் விசா ஃபீஸ் திரும்பாது. 2025 ஜூன்லேர்ந்து ஜே விசாக்காரங்க சோஷியல் மீடியாவ பப்ளிக்ல வைக்கச் சொல்றாங்க, அதையும் பாத்துக்கோங்க.

ப்ரோக்ராம் முடிஞ்சா ரெண்டு வருஷம் ஊர்ல இருந்தே ஆகணும்ங்கற ரூலப் பத்தி சீனியர்ஸ் பயமுறுத்துவாங்க. எந்த நாட்டுக்காரங்களுக்கு அந்த ரூல்னு சொல்ற ஸ்கில்ஸ் லிஸ்ட்லேர்ந்து 2024 டிசம்பர்ல இந்தியாவ எடுத்துட்டாங்க, அரசாங்கப் பணத்துல போனா மட்டும் அது வேற கதை.

காசு விஷயம். சம்பளம் மணிக் கணக்கு. சர்வீஸ் சைடு போறவங்க நல்லா கேட்டுக்கோங்க, டிப்ஸ் வர்ற வேலைக்கு ஃபெடரல் சட்டப்படி ஹோட்டல் மணிக்கு குறைஞ்சது 2.13 டாலர் கொடுத்தாலே போதும், டிப்ஸோட சேத்து 7.25 வரணும், நிறைய மாநிலத்துல இதவிட அதிகம், அதனால எந்த மாநிலம்னு தெரியாம கணக்கு போடாதீங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (சம்பளத்துக்கும் வரிக்கும் அரசாங்கம் கொடுக்கற நம்பர்) வந்து பேங்க் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி முதல் சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள வாடகை அட்வான்ஸ் கேட்டுடுவாங்க, ஒன்றரை மாசத்துச் செலவு கைல இருக்கணும்ங்கறது என் கணக்கு. ரூம் பாக்கும்போது மேப்ல ராத்திரி 11 மணிக்கு பஸ் இருக்கான்னு பாருங்க. ரிசார்ட் எல்லாம் அத்துவானக் காட்டுல இருக்கும், ஷிஃப்ட் முடிஞ்சு தினம் கேப் பிடிச்சா சம்பளத்துல பாதி அதுக்கே போயிடும்.

இன்ஷூரன்ஸ் ஒரு நோய்க்கோ விபத்துக்கோ ஒரு லட்சம் டாலர் கவர் கட்டாயம், ஆனா முதல் 500 டாலர் வரைக்கும் உங்க கைக்காசா இருக்கலாம். பல்லு பெரும்பாலும் கவர் ஆகாது. சொத்தைப் பல்ல இங்கயே பாத்துட்டுப் போங்க, ப்ளீஸ்.

கிச்சன்ல பாரன்ஹீட், பவுண்டு, அவுன்ஸ் பழகிக்கோங்க. கோழி உள்ள 165 டிகிரி, குளிர்ல வைக்கறது 41க்குக் கீழ, சூடா வைக்கறது 135க்கு மேல, தெர்மாமீட்டர் குத்திப் பாத்துதான் சொல்லணும், கைய வெச்சு இல்ல. பின்னாடி போகும்போது சத்தமா "பிஹைண்ட்" சொல்லணும், நம்ம பசங்க மரியாதைன்னு சைலண்டா போவாங்க, திரும்பற ஆள் கைல கொதிக்கற பான் இருக்கும். புரியலைன்னாலும் "எஸ் செஃப்"னு சொல்ற பழக்கத்த விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே விடுங்க, "சொல்லுங்க, மறுபடியும்"னு கேட்டா அங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. பஞ்ச் அவுட் பண்ணிட்டு (ஷிஃப்ட் முடிஞ்சதுன்னு நேரத்தப் பதிஞ்சிட்டு) வேலை செய்யறதும் வேண்டாம், பொதுவா வாரம் 40 மணி நேரத்தத் தாண்டினா ஒன்றரை மடங்கு சம்பளம்.

அப்புறம் வீக்எண்ட்ல தெரிஞ்ச அண்ணன் ரெஸ்டாரன்ட்ல கேஷுக்கு தோசை ஊத்தலாமேன்னு ஒரு ஆஃபர் வரும் பாருங்க, அண்ணன் நல்லவராவே இருக்கட்டும், டிஎஸ்-2019ல இல்லாத இடத்துல வேலை செஞ்சா ப்ரோக்ராம் கேன்சல். முடிஞ்சப்புறம் கிடைக்கற 30 நாளும் ஊர் சுத்தத்தான், வேலைக்கு இல்ல.

முதல் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) வந்த உடனே சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு ரெண்டு டாக்ஸ் பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க. முதல் தடவை போற ஜே-1 இன்டர்னுக்கு பொதுவா அது கிடையாது, ஆனா சில ஹோட்டல் பேரோல்ல அமெரிக்கக்காரங்க மாதிரியே 7.65 சதவீதம் பிடிச்சிடுவாங்க, ஹெச்ஆர்ட்ட சொன்னா திருப்பித் தருவாங்க, தரலைன்னா ஃபார்ம் 843 போட்டு அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ட்ட கேக்கலாம். ஃபெடரல் டாக்ஸ் பிடிப்பாங்க, அதுக்கு 1040-என்ஆர் ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும், வருஷ சம்பளமும் பிடிச்ச வரியும் காட்டுற டபிள்யூ-2 ஜனவரில வரும், நீங்க அதுக்குள்ள ஊருக்கு வந்திருந்தா எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்ட்ட எழுதிக் கொடுத்துட்டு வாங்க.