அந்தக் கால்சியம் யாருடையது?

வீகனாகிறேன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தப்போவதில்லை, பாலையும் நிறுத்தப்போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ கால்சியத்துக்கு என்ன பண்ணுவே?" என்பதுதான். நான் கால்நடை மருத்துவர் என்பதால் என்னிடமும் இதை அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. ஆனால் தொழுவத்திலும் கோழிப்பண்ணையிலும் வேலை பார்க்கிறவர்கள் அந்தக் கால்சியத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம். அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

கன்று ஈன்ற ஓரிரு நாளில் பசு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் கழுத்தை வளைத்து, தலையை விலாவின் மேல் சாய்த்துக் கிடக்கும். காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும், மூக்கு வறண்டிருக்கும். இது பால் காய்ச்சல். சீம்பால் சுரக்கத் தொடங்கியதும், இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கால்சியத்தைப் போலப் பல மடங்கு கால்சியம் மடிக்குப் போகிறது. எலும்பும் குடலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது தசைகள் செயலிழக்கின்றன, மாடு சாய்ந்துவிடுகிறது. கழுத்து இரத்தக் குழாயில் கால்சியம் கரைசலை மெதுவாக ஏற்றுவோம். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டேதான் ஏற்ற வேண்டும், வேகம் கூடினால் இதயமே நின்றுவிடலாம். பாட்டில் தீர்வதற்குள் தோலுக்கடியில் தசைகள் துடிக்கும், ஏப்பம் வரும், சாணி போடும். அப்புறம் தள்ளாடி எழுந்து நிற்கும்.

தன் கன்றுக்கு மட்டும் பால் கொடுக்கிற மாட்டுக்கு இந்த நோய் வருவது அரிது. ஒரு கன்றுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் பால் இருந்தால் தாராளம். பாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய உயர் ரகப் பசு, நாளைக்கு முப்பது லிட்டருக்கு மேலும் கறக்கும். அதன் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. பால் காய்ச்சல் அதில் ஒன்று, மடிநோய் இன்னொன்று. மடிநோய் வந்த மடியைத் தொட்டால் கல் மாதிரி இறுகி, கை சுடும். பால் திரிதிரியாக வரும். மாடு காலை உதைக்கும், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அசையாமல் நிற்கிற மாட்டைப் பார்த்து "வலி அவ்வளவா இல்லை போல" என்று நினைப்பவர்கள் உண்டு. வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த விலங்கு வலியை வெளியே காட்டாது, காட்டினால் காட்டில் அதுதான் முதலில் பலியாகும். நாங்கள் பார்ப்பது காது எந்தப் பக்கம் தொங்குகிறது, கண்ணைச் சுற்றிய தசை இறுகியிருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா என்பதைத்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் பார்த்த மாடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் கொடுமைக்காரர்கள் இல்லை. பிரசவம் சிக்கலான இரவில் தூங்காமல் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த அன்பால் மாற்ற முடியாத ஒரு கணக்கு பாலில் இருக்கிறது. ஈன்றால்தான் பால். ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேல் சுமந்து ஈன்ற கன்றே மடியை முழுக்கக் குடித்துவிட்டால் விற்கப் பால் மிஞ்சாது. அதனால் பெரிய பண்ணைகளில் பிறந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கன்றைப் பிரித்துவிடுவார்கள். பிறப்பதில் பாதி காளைக் கன்று, அது பால் தரப்போவதில்லை. ஈன்ற இரண்டு மூன்று மாதத்திலேயே பசுவுக்குத் திரும்பவும் சினை ஊசி. இப்படிச் சில ஈற்றுகள் போனதும் கறவை குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். இருபது வருடம் வாழக்கூடிய விலங்கு ஐந்தாறு வயதில் பண்ணையிலிருந்து கழிக்கப்படுகிறது. கழிக்கப்பட்டது எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கறியை விட்டவர்கள் "பாலில் எந்த உயிரும் போகவில்லையே" என்று சொல்லும்போது நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்வேன்.

கன்றைப் பிரித்த அன்றும் மறுநாளும் தாய் எழுப்பும் சத்தம் பழகிப்போகாது. எத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தாலும் பழகவில்லை.

கோழிக்கு வருவோம். நம் வளர்ப்புக் கோழியின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். குஞ்சு பொரிக்க அது போதும். பண்ணை முட்டைக்கோழி ஆண்டுக்குச் சுமார் 300 இடுகிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது, கோழியின் உடம்பில் உள்ள மொத்தக் கால்சியத்தில் அது பத்தில் ஒரு பங்கு. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். இரை இறங்காத அந்த நேரத்தில் குடலிலிருந்து வருவது போதாமல் எலும்பிலிருந்து எடுக்கிறது. தீவனத்தில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து சேர்த்தாலும் மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் எலும்பு மெலிந்துபோகிறது. நெஞ்செலும்பு வளைந்தோ முறிந்தோ இருப்பது முட்டைக்கோழிகளில் சர்வசாதாரணம். கையில் தூக்கி நெஞ்சுப் பக்கம் விரலால் தடவினால், நேர்க்கோடாக இருக்க வேண்டிய எலும்பில் மேடும் பள்ளமும் தட்டுப்படும். முட்டைக் காலம் முடிந்து கூண்டிலிருந்து காலைப் பிடித்து இழுக்கும்போதே எலும்பு முறிவதும் நடக்கிறது.

காளைக் கன்றின் கதைதான் சேவல் குஞ்சுக்கும். முட்டையும் இடாது, கறிக்கோழி மாதிரி சதையும் போடாது. பொரித்த நாளிலேயே பிரித்துக் கொன்றுவிடுகிறார்கள். உலக அளவில் ஆண்டுக்கு 700 கோடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஜெர்மனி 2022 ஜனவரியில் இதைச் சட்டம் போட்டு நிறுத்தியது, பிரான்ஸும் அதே வழியில் இறங்கியது. குஞ்சு பொரிப்பதற்கு முன்பே, முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் அங்கே வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் வெற்றுக் கம்பிக் கூண்டுகளை 2012இலேயே தடை செய்தது. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள், ஒவ்வொன்றையும் நான் வரவேற்கிறேன். ஆனால் எலும்பிலிருந்து ஓட்டுக்குப் போகும் கால்சியத்தைக் கூண்டின் அளவு நிறுத்தாது. கூண்டில்லாப் பண்ணைகளிலும் நெஞ்செலும்பு முறிகிறது.

இந்த விலங்குகளுக்கு உண்மையிலேயே உணர்வு இருக்கிறதா என்று இன்னும் சிலர் வாதம் செய்வார்கள். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வுநிலைக்குத் தேவையான நரம்பு அமைப்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டார்கள். கொம்பு வளராமலிருக்க, மயக்க ஊசி போடாமல் கன்றின் கொம்புக் குருத்தைச் சுடுவதை ஒரு முறை பார்த்தவருக்கு அந்த அறிக்கை தேவைப்படாது.

சரி, கால்சியத்துக்கு என்ன செய்வது? மாடு கால்சியத்தைத் தயாரிப்பதில்லை. மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்தும் தாது உப்புக் கலவையிலிருந்தும் மாட்டுக்கும் வருகிறது. பெரியவர்களுக்கு நாளைக்கு 700 முதல் 1000 மில்லிகிராம் வரை என்று நாட்டுக்கு நாடு பரிந்துரை மாறும். எள், கால்சியம் சேர்த்து உறைய வைத்த டோஃபு (சோயா பன்னீர்), கால்சியம் சேர்த்த தாவரப் பால், பருப்பு, கீரை எல்லாம் சேர்ந்தால் அதை எட்டலாம். பசலை மாதிரி, கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகமுள்ள கீரைகளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. தாவரப் பால் வாங்கும்போது கால்சியம் சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள், குடிக்கும் முன் குலுக்குங்கள், அது அடியில் படிந்துவிடும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கால்சியம் இல்லை, வைட்டமின் பி12. இதைச் செடியும் உண்டாக்காது, விலங்கும் உண்டாக்காது, பாக்டீரியாதான் உண்டாக்கும். பசுவின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் கோபால்ட் என்ற தாதுவை வைத்து அதைத் தயாரிக்கின்றன, அதிலிருந்துதான் பாலுக்கும் கறிக்கும் போகிறது. தொழிற்சாலைத் தொட்டிகளில் அதே வகை வேலையைப் பாக்டீரியாக்களிடம் வாங்கித்தான் மாத்திரை செய்கிறார்கள். நடுவில் இருக்கும் மாட்டை விட்டுவிட்டு நேரடியாக எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆனால் எடுத்தே ஆக வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு தெரிய வருடங்கள் கூட ஆகும். அதனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். கை கால் மரத்துப்போவதும், நடை தடுமாறுவதும், ஞாபகம் மங்குவதும் வந்த பிறகு மருந்து கொடுத்தால் நரம்பு முழுதாகத் திரும்பும் என்று உறுதியில்லை. பச்சைக் காய்கறியும் பருப்பும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் போதுமான அளவு கிடைப்பதால் இரத்தசோகை வெளியே தெரியாமல், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளரவும் கூடும். மாறத் தொடங்கும் வாரத்திலேயே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஊட்டச்சத்து நிபுணரைப் பார்த்துவிட்டே மாற வேண்டும். அயோடின், இரும்பு, வைட்டமின் டி பற்றியும் அவர்களிடமே கேட்டுவிடலாம்.

தட்டைத் தாண்டி தோல் செருப்பு, கம்பளி, பட்டு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம். இருப்பது தேயட்டும், அடுத்ததை மாற்றி வாங்குங்கள். மருந்து விஷயத்தில் மட்டும் பிடிவாதம் கூடாது. கேப்சூலின் உறையில், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதென்று உயிர்காக்கும் மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்துவரும்வரை என்பதுதான் 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கம் இன்று தரும் வரையறையிலேயே இருக்கிறது. மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள், கிடைக்கும்வரை இருப்பதைச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, என் மருத்துவமனைக்கு நேரடியாக வந்து சேரும் பிரச்சினை. வீட்டில் எல்லோரும் வீகனாக மாறியதும், நல்ல மனதோடு பூனையையும் மாற்றிவிடுகிறார்கள். பூனையின் உடம்பு வேறு. டாரின் என்ற அமினோ அமிலத்தை அதனால் தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, செடியிலும் அது அநேகமாக இல்லை. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நம்மைப் போல வைட்டமின் ஏ-வாக மாற்றவும் தெரியாது. டாரின் குறைந்தால் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1987இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். இதய நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து டாரின் கொடுத்தால் பல பூனைகள் தேறிவிடும். போன பார்வை திரும்பாது. தாவர உணவு சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டுவதால் ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும் அபாயமும் இருக்கிறது. மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

நாயின் நிலை வேறு. அதன் உடம்பு மாவுச்சத்தைச் செரிக்கப் பழகியது, சரியாக வகுத்த தாவர உணவில் ஆரோக்கியமாக இருக்கும் நாய்கள் உண்டு. ஆனால் வீட்டில் மிஞ்சியதைப் போட்டால் அது வகுத்த உணவாகாது. பூனைக்குத் தாவர உணவு போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் உணவை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். கூட்டி வாருங்கள். கண்ணையும் இதயத்தையும் பார்த்து, இரத்தத்தில் டாரின் அளவைச் சோதிக்க வேண்டும். இதுவரை என்ன கொடுத்தீர்கள், எத்தனை மாதமாகக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.