புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் பிசி ஏன் படுத்துக்குது?

கார்டு வாங்கி மாட்டியாச்சு, டெஸ்க்டாப் வருது, யூடியூப் ஓடுது, ஆனா கேம் ஓபன் பண்ணி பத்து நிமிஷத்துல பிசி போயிடுது. உடனே சுத்தி இருக்கவங்க சொல்றது கார்டு டிஃபெக்ட்டு, ரிட்டர்ன் போடு. அதுக்கு முன்னாடி ஒன்ன மட்டும் நல்லா கவனிங்க, பிசி எப்படி போச்சு? கரண்ட் கட் ஆன மாதிரி டப்புனு மொத்தமா ஆஃப் ஆச்சா, திரை மட்டும் கருப்பாகி ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்துச்சா, நீலத்திரை வந்துச்சா, இல்ல கேம் மட்டும் மூடிக்கிட்டு டெஸ்க்டாப் வந்து நின்னுச்சா. ஒவ்வொன்னுக்கும் தேட வேண்டிய இடம் வேற, நம்மாளுங்க எல்லாத்துக்கும் ஒரே மருந்தா டிரைவர மாத்திக்கிட்டே இருக்காங்க.

டப்புனு ஆஃப் ஆகுதுன்னா அநேகமா பவர் பிரச்சன தான். இங்க தான் விஷயமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்குள்ள இருக்குற பவர் சப்ளை பெட்டி, கார்டுக்கு குடுக்குறது 12 வோல்ட். ஆனா கார்டுல இருக்குற சிப்பு ஓடுறது சுமார் 1 வோல்ட்ல. அதனால கார்டு மேலேயே வோல்டேஜ் ரெகுலேட்டர் வரிசையா இருக்கும், அது 12ஐ 1ஆ இறக்கி குடுக்கும். வோல்டேஜ் இறங்குனா அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறணும், சிப்புக்கு மட்டும் 250 வாட் போகுதுன்னா கிட்டத்தட்ட 250 ஆம்பியர், வீட்டு ஏசிக்கு போடுற பெரிய பிளக்கே 16 ஆம்பியர் தான்னு நெனச்சா இது எவ்ளோ பெருசுன்னு புரியும். இதுல இன்னொன்னு, இந்த கரண்ட் ஒரே சீரா போறது கிடையாது. ஒரு ஃபிரேம் முடிஞ்சு அடுத்த ஃபிரேமுக்கு பிராசசர் வேலை குடுக்குற வரைக்கும் சிப்புல பெரும்பகுதி சும்மா நிக்கும், வேலை வந்ததும் ஆயிரக்கணக்கான கோர் ஒரே நேரத்துல முழிச்சுக்கும். அந்த ஏத்தம் மைக்ரோ செகண்ட் கணக்குல நடக்குது. கார்டுல இருக்குற கெப்பாசிட்டர் கொஞ்சம் தாங்கும், மீதி நேரா எஸ்எம்பிஎஸ் தலையில தான் விழும்.

பெட்டியில 320 வாட்னு போட்டிருக்கறது சராசரி. 2020 செப்டம்பர்ல வந்த என்விடியா கார்டு ஆர்டிஎக்ஸ் 3080 அப்படித்தான் 320, அதோட அண்ணன் 3090 350. கார்டு தன்னோட வாட்ட தானே அளந்து, அதிகமானா கிளாக்க, அதாவது சிப்பு ஓடுற வேகத்த, குறைச்சுக்கும், ஆனா அந்த அளவெடுப்பு இந்த ஸ்பைக்க விட மெதுவு. அதனால ஒரு மில்லி செகண்டுக்கும் கம்மியான நேரத்துக்கு 3090 500 வாட்டையும் தாண்டி இழுக்குறத டெஸ்ட் பண்ணவங்க அளந்து காட்டுனாங்க. எஸ்எம்பிஎஸ்க்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட் இத பார்த்துட்டு எங்கயோ ஷார்ட்டுனு நெனச்சு மொத்தத்தையும் நிறுத்திடும். அது கெட்டுப்போகல, அதோட வேலைய தான் செஞ்சுது. 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0ன்ற எஸ்எம்பிஎஸ் விதிமுறை இதுக்காகவே வந்தது மாதிரி, அதுல புது 16 பின் (12+4) கனெக்டர் வச்ச எஸ்எம்பிஎஸ் தன்னோட வாட்ட போல ரெண்டு மடங்க 100 மைக்ரோ செகண்டுக்கு தாங்கணும்.

ஆஃப் ஆன பிறகு பவர் பட்டன அமுக்குனா ஒன்னுமே வரல, பின்னாடி ஸ்விட்ச ஆஃப் பண்ணி கொஞ்சம் விட்டு போட்டா தான் வருதுன்னா பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கிச்சுன்னு அர்த்தம். தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா 12 வோல்ட் தாங்காம கீழ எறங்கி மதர்போர்டு ரீசெட் ஆயிருக்க வாய்ப்பு அதிகம், ஏடிஎக்ஸ் 3.0க்கு முந்தின விதிப்படி 12 வோல்ட்ல 5 சதவீதம் தான் அனுமதி, அதாவது 11.4க்கு கீழ போகக்கூடாது. ரெண்டுலயும் விண்டோஸுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரம் கெடைக்காது. அதனால தான் விண்டோஸ் பதிவு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு மட்டும் இருக்கும். அத பார்த்து எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, "போன தடவ ஒழுங்கா ஷட்டவுன் ஆகல"ன்றத தவிர அது வேற எதுவும் சொல்லல. உள்ள பக்செக் கோடு, அதாவது நீலத்திரையோட எரர் நம்பர், 0ன்னு இருந்தா நீலத்திரை பதிவாகாமலே போயிருக்குன்னு அர்த்தம், பவர் மேல சந்தேகம் கூடுது, அவ்ளோதான்.

எனக்கு நெஜமாவே கோவம் வர்றது மலிவு எஸ்எம்பிஎஸ் லேபிள் மேல. கேபினெட்டோட இலவசமா வர்றதுல பெருசா 450 வாட்னு போட்டிருக்கும். டார்ச் அடிச்சு கீழ சின்ன எழுத்துல இருக்குற கட்டத்த பாருங்க, 12 வோல்ட் வரிசையில 18 ஆம்பியர்னு இருந்தா 12ஆல பெருக்குனா 216 வாட், கார்டுக்கும் பிராசசருக்கும் சேத்து அவ்ளோதான். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்குல, இன்னைக்கு பிசி அத பெருசா தொடறதே இல்ல. 12 வோல்ட் ரெண்டு கட்டமா பிரிச்சு போட்டிருந்தா ரெண்டையும் கூட்டாதீங்க, மொத்தம்னு தனியா குடுத்திருக்கற வாட்ட தான் எடுக்கணும்.

ஒயரையும் பாருங்க. மதர்போர்டுல கார்டு உக்காருற ஸ்லாட்ல இருந்து அதிகபட்சம் 75 வாட், எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற ஒரு 8 பின் கனெக்டர்ல 150, இது விதி. ரெண்டு 8 பின் கேக்குற கார்டுக்கு, ஒரே ஒயர்ல ரெண்டு தலை தொங்குதே அத மாட்டுனா மொத்தமும் அந்த ஒரு ஒயர் வழியா போகுது, தனித்தனியா ரெண்டு ஒயர் போடுங்க. அப்புறம் யூபிஎஸ். நம்ம வீடுகள்ல இருக்குற 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தான் தாங்கும், அதுல மானிட்டரும் தொங்குது, பழைய கார்டு இருந்த வரைக்கும் ஓடிச்சு, இப்ப ஓவர்லோட். யூபிஎஸ்ஸ விட்டுட்டு நேரா சுவத்து பிளக்ல மாட்டி ஒரு மணி நேரம் கேம் ஓட்டி பாருங்க, நெறைய பேருக்கு கதை அங்கயே முடிஞ்சுடும்.

முடியலன்னா கார்டு செட்டிங்க மாத்துற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்ட 70 சதவீதம் வச்சு, ஃபிரேம செகண்டுக்கு 60ல கட்டி ஓட்டுங்க. கிளாக் குறைஞ்சா வோல்டேஜும் குறையும், வாட்டு வோல்டேஜோட வர்க்கத்துல போறதால சட்டுனு எறங்கும், வேகம் அவ்ளோ போகாது. இப்ப கிராஷ் நின்னுச்சுன்னா பவர் மேல சந்தேகம் பலமாகுது, சூடும் இதே மாதிரி குறையும்ங்கறதால டெம்பரேச்சரையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

நீலத்திரை, கருப்புத்திரை வேற ரகம். விஸ்டாவுல இருந்து விண்டோஸ் கார்ட ஒரு கண்ணு வச்சு பாத்துக்கிட்டே இருக்கும், குடுத்த வேலைக்கு 2 செகண்டுக்குள்ள பதில் வரலன்னா டிரைவர ரீசெட் பண்ணும், அதுவும் முடியலன்னா தான் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்னு நீலத்திரை. இதுக்கு ரெஜிஸ்ட்ரில போய் அந்த 2 செகண்ட 10 ஆக்குன்னு சொல்ற வீடியோ நெறைய இருக்கு, ரெண்டரிங் மாதிரி நெஜமாவே நேரம் எடுக்குற வேலைக்கு சரி, கேம் தொங்குறதுக்கு அது மருந்தே இல்ல. பழைய கார்டோட டிரைவர் மிச்சம், முக்கியமா என்விடியால இருந்து ஏஎம்டிக்கு மாறுறவங்களுக்கு, பெரிய தொல்லை. நெட்ட கழட்டிட்டு சேஃப் மோடுல டிடியூன்ற டிரைவர் நீக்குற சாஃப்ட்வேர ஓட்டி சுத்தமா எடுத்துட்டு புதுசா போடுங்க, நெட் இருந்தா விண்டோஸ் அப்டேட் நடுவுல பூந்து தானா ஒரு டிரைவர போட்டுடும். ரைசர் கேபிள், அதாவது கார்ட ஸ்லாட்டோட இணைக்கிற நீட்டிப்பு கேபிள், இருந்தா பயாஸ்ல ஸ்லாட்டோட பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்த ஜென் 3க்கு எறக்கி பாருங்க. ரேம வேகமா ஓட்டுற எக்ஸ்எம்பி செட்டிங்க ஆஃப் பண்ணியும் ஒரு தடவ பாத்துடுங்க.

கேம் மட்டும் மூடிக்கிறதுக்கு 3080 கதையே போதும். வந்த புதுசுல பலருக்கும் கேம் டெஸ்க்டாப்புக்கு விழுந்துச்சு, சிப்புக்கு பின்னாடி மலிவு கெப்பாசிட்டர் போட்டுட்டாங்கன்னு ஊரே பேசுச்சு, செப்டம்பர் கடைசில என்விடியா 456.55 டிரைவர் விட்டதும் நெறைய பேருக்கு சரியாயிடுச்சு. கார்டு பூஸ்ட்ல 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஏறும்போது தான் அதிகமா விழுந்துச்சு. அதனால டிரைவர் புதுசா இருந்தும் விழுதுன்னா கோர் கிளாக்க 100 மெகாஹெர்ட்ஸ் குறைச்சு பாருங்க. நின்னுச்சுன்னா உங்க சிப்பால கம்பெனி செட் பண்ண வேகத்த தாங்க முடியலன்னு சந்தேகப்படலாம், ஆனா அப்படியே குறைச்சு வச்சு ஓட்டாதீங்க, முழு வேகத்துக்கு தான காசு குடுத்தீங்க. நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்குற வேற பிசில, எந்த செட்டிங்கும் மாத்தாம அதே கேம் அதே மாதிரி விழுறத மொபைல்ல வீடியோ எடுங்க, பில்லோட கடைக்கு போங்க, கார்டு பின்னாடி இருக்குற சீரியல் நம்பர் ஸ்டிக்கர் கிழியாம பாத்துக்கோங்க.