மின்கம்பியில் ஒரு மரணம்: குற்றவியல் சட்டம் எவற்றைத் தேடுகிறது?

காலபோக நெல் குடலைப் பருவத்தை எட்டும் காலத்தில் வன்னியின் வயற்காரர் பலருக்கு இரவுத் தூக்கம் இருப்பதில்லை. காட்டுப்பன்றிகள் வயலுக்குள் இறங்கினால் மாதக்கணக்கான உழைப்பை ஓரிரவில் உழக்கிவிட்டுப் போய்விடும். காவற்கொட்டிலில் தீ மூட்டியும் வெடி கொளுத்தியும் களைத்துப்போன சிலர், வீட்டு இணைப்பிலிருந்தோ தெருக்கம்பியிலிருந்தோ மின்சாரத்தை இழுத்து, வரம்போரமாக அடித்த கட்டைகளில் முழங்கால் உயரத்துக்கு வெறுங்கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். அது சட்டவிரோதமானது என்பது கட்டுபவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்தக் கம்பியில் மனிதர் அகப்பட்டு இறக்கும்போது குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகள் அனைத்தும் ஒரே இடத்தில் சோதனைக்கு வருகின்றன.

கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். நெடுங்கேணிப் பக்கத்தில் ஒருவர் தம் தம்பியின் உதவியோடு வயலைச் சுற்றிக் கம்பி கட்டுகிறார். கட்டாக்காலியாகப் போன மாட்டைத் தேடி இரவில் வந்த அயலவர் அதில் கால் பட்டு இறந்துபோகிறார். விடியுமுன் சகோதரர்கள் கம்பியைச் சுருட்டி மறைத்து, உடலை வாய்க்கால் ஓரத்தில் கிடத்திவிடுகிறார்கள். இறந்தவரின் வீட்டார் இதைக் கொலை என்பார்கள். வயற்காரரின் உறவினர் விதி என்பார்கள். இரண்டு தரப்பும் மரணம் என்ற விளைவை வைத்தே பேசுகின்றன. சட்டம் அந்த விளைவிலிருந்து பின்னோக்கிச் சென்று செயலையும் மனத்தையும் சான்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

முதலில், அந்தச் செயல் நடந்த வேளையில் அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரை, பின்னர் இயற்றும் சட்டத்தால் முன்னர் செய்த செயலைத் தண்டிப்பதைத் தடைசெய்கிறது. நமது வழக்கில் இது சிக்கல் தராது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் மனித உயிர் தொடர்பான குற்றங்கள் விரிவாகவே உள்ளன. குற்றம் என்பது அரசுக்கு எதிரானதாகவும் கருதப்படுவதால், இரு குடும்பங்களும் கோயில் முன்றலில் கூடிப் பேசி, நட்டஈடு கொடுத்துச் சமாதானமாகப் போனாலும் வழக்கு முடிவதில்லை. சிறு காயம், சிறு சேதம் போன்றவற்றை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் இணக்கி வைக்கலாம். உயிரிழப்புக்கு அந்த வழி கிடையாது. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவர் சட்டமா அதிபரே.

அடுத்து, செயலுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு. உடல் வாய்க்காலோரம் கிடந்தது என்பதால் பாம்புக் கடியென்றோ மாரடைப்பென்றோ சொல்லிவிடப் பார்ப்பார்கள். ஆனால் பல மின் மரணங்களில் கம்பி தொட்ட இடத்தில் தோலில் சிறு குழி விழுந்து, அதன் விளிம்பு வெளிறித் தடித்திருக்கும். சட்ட வைத்திய அதிகாரி கெண்டைக்காலில் அத்தகைய அடையாளத்தைக் கண்டால் விசாரணை வயலுக்குத் திரும்பிவிடும். கம்பியை மறைத்ததும் உடலை இடம் மாற்றியதும், குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு தடயத்தை இல்லாமற் செய்தமைக்காகத் தண்டனைச் சட்டக்கோவையின் 198 ஆம் பிரிவின் கீழ் வேறொரு குற்றமாகும். பயத்தில் செய்யும் இந்த இரண்டாவது வேலை முதலாவதையும் மோசமாகக் காட்டுகிறது. தற்செயல் என்று பின்னர் சொல்லும் வார்த்தைக்கு அது பெரும்பாலும் குழி பறித்துவிடுகிறது.

மனநிலை பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. வயற்காரருக்கு அயலவரைக் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதனாலேயே அவர் தப்பிவிட முடியாது. 294 ஆம் பிரிவு கொலையை நான்கு விதமாக வரையறுக்கிறது. கொல்லும் எண்ணம் அவற்றில் ஒன்று. நான்காவது, பெரும்பாலும் மரணத்தை விளைவித்தே தீரும் அளவுக்கு ஆபத்தானதென்று அறிந்தும், அந்த ஆபத்தை உண்டாக்குவதற்கு நியாயம் எதுவுமின்றிச் செய்யும் செயல். அறிவு அந்தக் கடுமையை எட்டாமல், மரணம் நேரக்கூடும் என்ற அளவில் நின்றால், அது கொலையாகாத குற்றமுடை மனிதக்கொலை ஆகும். 297 ஆம் பிரிவின்படி அதற்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை. அறிவும் இல்லை, எண்ணமும் இல்லை, வெறும் அசட்டைதான் என்றால் 298 ஆம் பிரிவு. அங்கே உச்சம் ஐந்து ஆண்டுகள். ஒரே கம்பி, ஒரே மரணம். ஆனால் மரண தண்டனைக்கும் ஐந்தாண்டுச் சிறைக்கும் இடையிலான தூரம் முழுவதும் வயற்காரரின் மனத்தில் என்ன இருந்தது என்பதில் தங்கியிருக்கிறது.

மனத்துக்குள் எவரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆகையால் நீதிமன்றம் வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருந்ததை ஊகிக்கிறது. கம்பி கட்டியது ஆட்கள் நடமாடும் ஒற்றையடிப் பாதையை மறித்தா, காட்டை ஒட்டிய எல்லையிலா? அயலவர்களுக்குச் சொல்லி வைத்தாரா? முன்பு யாருக்காவது அங்கே மின்சாரம் அடித்ததுண்டா? மின்சாரத்தின் தன்மையும் இங்கே முக்கியமாகிறது. முறைப்படி அமைக்கும் யானைவேலியில் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் என்றாலும், அது மிகக் குறுகிய துடிப்புகளாக இடைவிட்டு வருவதால் விலங்கை உதறி விரட்டுமே தவிர, பொதுவாகக் கொல்லாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்; ஆனால் அது இடைவிடாமல் பாய்வதால் பிடிபட்டவரின் தசைகள் இறுகி, இதயத்தின் சீரான துடிப்புக் குலைந்து போகலாம். ஈரமான வரம்பில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். வேலிக்குரிய கருவியை வாங்க வசதியிருந்தும் நேரடியாக இணைத்தவருடைய அறிவை நீதிமன்றம் எடைபோடும் விதம், எதுவும் அறியாமல் பிறர் செய்ததைப் பார்த்துச் செய்தவருடையதை எடைபோடும் விதத்திலிருந்து மாறலாம்.

தம்பியின் நிலை என்ன? பலர் சேர்ந்து பொது எண்ணத்தோடு செய்ததற்கு ஒவ்வொருவரும் தனியே செய்ததைப் போலவே பொறுப்பாவார் என்கிறது 32 ஆம் பிரிவு. கம்பிச் சுருளைப் பிடித்தவர் அந்த எண்ணத்தில் பங்கு கொண்டாரா என்பதை வழக்குத்தொடுநர் காட்ட வேண்டும். அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார் என்பது மட்டும் போதாது. தம்பிக்கு வயது பன்னிரண்டுக்குக் குறைவென்றால் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர்மீது குற்றப் பொறுப்பே சுமத்த முடியாது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவர் என்றால், செயலின் தன்மையை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும்.

பயிரைக் காக்கவே கட்டினேன் என்ற விளக்கம் இயல்பாக எழும். உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையைச் சட்டக்கோவை அங்கீகரிக்கிறது. ஆனால் உடைமைக்காக உயிரைப் போக்கும் அளவுக்கு அந்த உரிமை நீள்வது கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற சில நிலைகளில் மட்டுமே. மாடு தேடி வந்தவர் அவற்றில் எதிலும் அடங்கமாட்டார். பன்றியென்று எண்ணிப் பற்றையை நோக்கிச் சுட்டவர் வேறொரு வாதத்தை முன்வைக்கலாம். நன்னம்பிக்கையோடு கூடிய நிகழ்வுத் தவறு, அதாவது உள்ள நிலைமையைத் தவறாக எண்ணிக்கொள்வது, விதிவிலக்காகும். எனினும் உரிய கவனமின்றிச் செய்தது எதுவும் நன்னம்பிக்கையில் செய்ததாகாது என்றும் அதே சட்டக்கோவை சொல்கிறது.

இவை அனைத்தையும் யார் நிரூபிப்பது? நிரூபிக்கப்படும்வரை எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) நிரபராதி என்று 13(5) ஆம் உறுப்புரை கூறுகிறது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் சுமை வழக்குத்தொடுநரின் தலையில் இருக்கிறது. விதிவிலக்கைக் கோரும் எதிரி அதை நிகழ்தகவின் அளவில், அதாவது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவில், காட்டினால் போதும். நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பதைக் கேட்டு வன்னியில் சிரிப்பவர்கள் உண்டு; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கெதிராகப் பயன்படுத்த முடியாது. ஆனால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கச் செய்தது. வாக்குமூலம் சுயவிருப்பில் கொடுக்கப்படவில்லை என்று காட்டும் பாரம் இதனால் எதிரியின் மேல் விழுந்தது. பொதுவிதி எதற்காக இருக்கிறது என்பதை இந்த விலக்கின் அனுபவம் நன்றாகவே விளக்கிவிட்டது. விளக்கமறியலைத் தண்டனையாகக் கொள்ளும் ஊர்ப் பார்வையும் இத்தகைய அனுபவங்களிலிருந்தே வளர்ந்திருக்க வேண்டும். சட்டத்தில் விளக்கமறியல் விசாரணைக்காகத் தடுத்து வைப்பதே அன்றித் தண்டனை அன்று.

குற்றம் நிரூபணமானால் தண்டனையின் அளவு தீர்மானிக்கப்படும். செய்ததற்கு ஏற்ற பதில், பிறரைத் தடுத்தல், ஆளைத் திருத்துதல், சமூகத்தைப் பாதுகாத்தல் ஆகிய நோக்கங்கள் ஒன்றோடொன்று எப்போதும் ஒத்துப்போவதில்லை. அசட்டையால் உயிர் போக்கிய வயற்காரர் திரும்பவும் அதைச் செய்வார் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் அயல் வயல்களில் கம்பி கட்டியிருப்போரைத் தடுக்க வேண்டியிருக்கிறது. தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவது உறுதி என்ற எண்ணமே அதிகம் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகளில் பரவலாகக் காணப்படும் முடிவு. இரவில் இழுத்து விடியலில் கழற்றிவிடும் கம்பியைப் பொறுத்தவரை, சிறைவாசத்தை இரட்டிப்பதைவிட, இரவு நேரச் சோதனையே பயன் தரும் என்பது என் கருத்து. மரண தண்டனை தீர்ப்புகளில் இன்றும் உச்சரிக்கப்படுகிறது என்றாலும் 1976 இற்குப் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

இறந்தவரின் குடும்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. குற்றவியல் வழக்கில் எதிரி விடுதலையானாலும், மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரிக் குடியியல் வழக்குத் தொடரலாம். அங்கே நிகழ்தகவின் அளவில் நிரூபித்தால் போதும். ஆனால் அத்தகைய வழக்கைக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்ந்துவிட வேண்டும். மேல் நீதிமன்ற விசாரணை அதற்கு மேலும் நீள்வது புதுமையல்ல என்பதால், தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கும் குடும்பம் அந்த உரிமையை இழக்கக்கூடும். சட்டத்தரணியை ஈமச்சடங்கான அந்தரட்டிக்குப் பின்னர் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். அதைத் தீர்ப்புநாள் வரை தள்ளிப்போடக் கூடாது.