வினைவேகமா தாக்கவீதமா? ‘ரியாக்‌ஷன் ரேட்’ங்கிற சொல்லோட கதை

‘ரேட்’னு சொன்னாலே நமக்கு விலைதான் ஞாபகம் வரும், “என்ன ரேட்டு”ன்னு கேட்டே பழகிட்டோம். அதனால கெமிஸ்ட்ரில ‘ரேட் ஆஃப் ரியாக்‌ஷன்’னு வரும்போது இது ஏதோ வேற சமாச்சாரம்னு நினைச்சு தாண்டிப் போயிடுறோம். ஆனா ரெண்டும் ஒரே சொல்தான். லத்தீன்ல ‘ராட்டா’ன்னா கணக்குப் போட்டு வச்சதுன்னு அர்த்தம், ‘ப்ரோ ராட்டா’ன்னு இன்னைக்கும் சொல்றோமே, அவங்கவங்க கணக்குக்கு வர்ற பங்கு, அதுல இருக்கிறதும் இந்த ராட்டாதான். ஒரு கிலோவுக்கு இவ்வளவுன்னா விலை, ஒரு நொடிக்கு இவ்வளவுன்னா வேதிவினையோட ரேட். ‘ஒண்ணுக்கு இவ்வளவு’ங்கிற அந்தக் கணக்குதான் இந்தச் சொல்லோட உயிரே.

இதுக்குத் தமிழ்ல அச்சு அசலா ஒரு சொல் புழக்கத்துல இருக்கு, அது வீதம். ஆளுக்கு ரெண்டு வீதம் கொடுங்கன்னு சொல்றோம், சதவீதம்னு சொல்றோம். இலங்கைப் பாடநூல்கள்ல இதை வச்சுத்தான் ‘தாக்கவீதம்’னு எழுதுறாங்க (அங்க ரியாக்‌ஷன்னா தாக்கம், ரியாக்டன்ட்னா தாக்கி). தமிழ்நாட்டுப் பாடநூல்ல ‘வினைவேகம்’. ரெண்டும் ஒரே விஷயம்தான், ஆனா ரெண்டும் மனசுல வரைஞ்சு காட்டுற படம் வேற வேற, அதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும்னு ஆசை.

முதல்ல ‘வினை’. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். செயல்னு அர்த்தம், முன்வினை பின்வினைன்னா செஞ்சதோட பலன், இலக்கணத்துல போனா வினைச்சொல். வினைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்ற அடையாளம் என்னன்னா அது வேற்றுமை ஏற்காது, காலத்தோட சேர்ந்து தோன்றும். வேதிவினைக்கும் இது அப்படியே பொருந்துது பாருங்க. பொருள் இருக்கு, எடை இருக்கு, நிறம் இருக்கு, இதெல்லாம் பெயர்ச்சொல் மாதிரி, காலம் இல்லாமலே சொல்லிடலாம். ஆனா மாறிக்கிட்டு இருக்குன்னு சொன்னா உடனே எவ்வளவு நேரத்துலங்கிற கேள்வி வந்துடும். இங்கிலீஷ் ‘ரியாக்‌ஷன்’ல இருக்கிறது ‘திருப்பிச் செயல்படுதல்’ங்கிற எண்ணம், தாக்கம்ங்கிற சொல் அந்தப் பக்கம் சாயுது, வினைங்கிறது நேரா செயலையே பிடிக்குது.

சிக்கல் ‘வேகம்’ல. ஃபிசிக்ஸ்ல வேகம்னா நொடிக்கு இத்தனை மீட்டர். அதையே மனசுல வச்சுக்கிட்டு வினைவேகம்னு படிக்கிற பசங்க நிறைய பேர் மூலக்கூறு எவ்வளவு ஸ்பீடா ஓடுதுங்கிறதுதான் வினைவேகம்னு புரிஞ்சுக்கிறாங்க, நானும் பிளஸ் டூ பாதி வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், யாரும் எடுத்துச் சொல்லல. அது இல்ல. ஒரு பாட்டில்ல ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கலந்து அறை வெப்பநிலைல மூடி வச்சா ஆக்ஸிஜன் மூலக்கூறு நொடிக்கு 400 மீட்டருக்கு மேல பறக்கும், ஹைட்ரஜன் அதை விட நாலு மடங்கு வேகமா பறக்கும், ரெண்டும் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மோதிக்கும், ஆனாலும் வருஷக்கணக்கா தண்ணி உருவாகாம சும்மா கிடக்கும். மூலக்கூறுக்கு அவ்வளவு வேகம், வினைவேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு தீப்பொறி பட்டா மட்டும் அதே பாட்டில் வெடிச்சுச் சிதறிடும்.

அப்ப வினைவேகம்னா என்ன? ஒரு குறிப்பிட்ட நேரத்துல வினைபடுபொருளோட செறிவு (ஒரு லிட்டர்ல அது எவ்வளவு இருக்குங்கிறது) எவ்வளவு குறையுது, இல்லன்னா வினைவிளைபொருளோட செறிவு எவ்வளவு கூடுது, அதுதான். அலகு ஒரு லிட்டருக்கு ஒரு நொடிக்கு இத்தனை மோல் (மோல்ங்கிறது மூலக்கூறுகளை எண்ணுற அளவு). இதைக் கண்ணால பார்க்க ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல உதாரணம். அது தானாவே தண்ணியாவும் ஆக்ஸிஜனாவும் உடையும், ஆனா ரொம்ப மெதுவா, வெளிச்சம் பட்டா இன்னும் கொஞ்சம் சீக்கிரமா, அதனாலதான் அதைப் பெரும்பாலும் வெளிச்சம் புகாத பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. அதுல ஒரு சிட்டிகை மாங்கனீஸ் டைஆக்சைடு பொடி போட்டா புசுபுசுன்னு பொங்கும். அந்த வாயுவை ஒரு குழாய் வழியா தண்ணில கவிழ்த்து வச்ச அளவு ஜாடிக்குள்ள விட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிச்சுக்கிட்டே வாங்க. முதல் நிமிஷம் 40 மில்லி வந்துச்சுன்னு வச்சுக்குவோம், ரெண்டாவது நிமிஷம் 20, மூணாவது 10. போகப்போகக் குறையுது, ஏன்னா உடையறதுக்கு மிச்சம் இருக்கிற பெராக்சைடே பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டு வருது. அதனால ‘இந்த வினையோட வேகம் என்ன’ன்னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது, எந்தக் கணத்துலன்னு சேர்த்துக் கேக்கணும். கிராஃப் போட்டா அந்தப் புள்ளில கோடு எவ்வளவு சாய்வா இருக்கோ அதான் அந்தக் கணத்து வேகம்.

மிச்சம் இருக்கிற அளவைப் பொறுத்து வேகம் குறையும்ங்கிறதை முதல் முதலா அளந்து கணக்கா எழுதினவர் ஜெர்மன்காரர் லுட்விக் வில்ஹெல்மி, 1850ல. அவர் எடுத்துக்கிட்டது சர்க்கரைக் கரைசல். ஆசிட் சேர்த்தா சர்க்கரை குளுக்கோஸாவும் ஃப்ரக்டோஸாவும் பிரியும், பிரியப் பிரிய அந்தக் கரைசல் வழியா போற முனைவாக்கப்பட்ட ஒளி (ஒரே தளத்துல மட்டும் அதிர்ற ஒளி) திரும்புற கோணம் மாறும், அந்தக் கோணத்தைப் பார்த்தே எவ்வளவு சர்க்கரை பாக்கின்னு சொல்லிடலாம், கரைசலைத் தொடவே வேண்டாம். எவ்வளவு அழகான யோசனை பாருங்க! அந்தக் காலத்துல அதைப் பெருசா யாரும் கண்டுக்கல. அதுக்கு அப்புறம் 1889ல ஸ்வீடன்காரர் அர்ஹீனியஸ் வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்கும் உள்ள உறவை எழுதினப்பவும் கையில எடுத்தது இதே சர்க்கரை வினைதான்.

இங்கதான் சொல் விஷயத்துல ஒரு முக்கியமான இடம் வருது. அர்ஹீனியஸ் அந்தக் கட்டுரையை ஜெர்மன்ல எழுதினார், அதோட தலைப்புலயே ‘ரியாக்சியோன்ஸ்கெஷ்விண்டிக்கைட்’னு ஒரு நீள சொல் இருக்கு. உடைச்சுப் பார்த்தா ரியாக்சியோன்னா வினை, கெஷ்விண்டிக்கைட்னா வேகம். அப்படியே வினைவேகம்! ஃப்ரெஞ்சுலயும் ‘வினையோட வேகம்’னுதான் சொல்றாங்க. இங்கிலீஷ்லயே பழைய புத்தகங்கள்ல ‘வெலாசிட்டி’ன்னுதான் இருக்கும், நொதி (என்சைம்) பத்தின கணக்குகள்ல உச்ச வேகத்தை ‘வி மேக்ஸ்’னு இன்னைக்கும் எழுதுறாங்களே, அந்த வி வெலாசிட்டியோட மிச்சம்தான். அதனால வினைவேகம் தப்பான மொழிபெயர்ப்புன்னு சிலர் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். தாக்கவீதம் இங்கிலீஷ் ‘ரேட்’ பக்கம் நிக்குது, வினைவேகம் ஜெர்மன் பக்கம் நிக்குது, அவ்வளவுதான். சொல்லா வினைவேகத்தையே வச்சுக்கலாம், ஆனா வரையறை சொல்லும்போது ‘செறிவு மாறும் வீதம்’னு வீதத்தைக் கட்டாயம் உள்ள கொண்டு வரணும், அப்பதான் மூலக்கூறு ஓடுற படம் மனசுல இருந்து போகும். வேகம்ங்கிறது வடசொல்லாச்சேன்னு கேட்டா ‘வினைவிரைவு’ன்னு சொல்லிக்கலாம், காதுக்கும் நல்லாத்தான் இருக்கு, ஆனா பாடநூல்ல வினைவேகம் வேர் விட்டுடுச்சு, அதைப் பிடுங்கணும்னு எனக்குத் தோணல.

வேகத்தை மாத்துற விஷயங்கள்ல செறிவைப் பார்த்துட்டோம், வாயுவா இருந்தா அழுத்தம் கூட்டுறதும் செறிவு கூட்டுறது மாதிரிதான். திடப்பொருளா இருந்தா புறப்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரத்துக்கு மேல்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளா வெட்டினா 1000 துண்டு, மொத்தப் பரப்பு 60. பொருள் அதேதான், வெளில தெரியுற இடம் பத்து மடங்கு. நிலக்கரிக் கட்டி நிதானமா எரியும், அதே நிலக்கரி தூசா காத்துல பறக்கும்போது தீப்பொறி பட்டா சுரங்கமே வெடிக்கும்.

வெப்பநிலைதான் எல்லாரும் அரைகுறையா சொல்ற இடம். ‘சூடு ஏத்தினா மூலக்கூறு வேகமா ஓடும், நிறைய மோதும், அதனால வினை சீக்கிரம் நடக்கும்’னு சொல்லி முடிச்சுடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 25 டிகிரில இருந்து 35 டிகிரிக்குப் போனா மூலக்கூறோட சராசரி வேகம் ரெண்டு சதவீதம் கூட ஏறாது. ஆனா நிறைய வினைகள்ல வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகுது. மோதல் எண்ணிக்கையை மட்டும் வச்சு இதை விளக்கவே முடியாது. மோதுற மூலக்கூறு எல்லாம் வினைபுரியுறதில்ல, ஒரு குறைஞ்சபட்ச ஆற்றலோட மோதினாத்தான் பழைய பிணைப்பு உடையும், அந்த வரம்பைத் தாண்டுறதுக்குத் தேவையானதுதான் ‘ஆக்டிவேஷன் எனர்ஜி’, தமிழ்ல கிளர்வு ஆற்றல், இலங்கைல ஏவற்சக்தி. வரம்பு தாண்டுற மூலக்கூறு எப்பவும் சிறு கூட்டம்தான், பத்து டிகிரி ஏத்தினா அந்தச் சிறு கூட்டம் ரெண்டு மடங்காகும், மத்த எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ‘கிளர்வு’ங்கிற சொல் இங்க எவ்வளவு பொருத்தம், அடியில கிடக்கிறதைக் கிளறி மேல கொண்டு வர்ற மாதிரி.

இன்னொண்ணு, ‘ரேட் கான்ஸ்டன்ட்’டுக்கு வினைவேக மாறிலின்னு பேர், செறிவையும் வினைவேகத்தையும் இணைக்கிற சமன்பாட்டுல வர்ற எண் அது. மாறிலின்னு பேர் இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, செறிவு மாறினா அது மாறாது, வெப்பநிலை மாறினா மாறிடும்.

கடைசியா கேட்டலிஸ்ட், தான் செலவாகாம வினைவேகத்தைக் கூட்டுற பொருள், பெராக்சைடுல போட்ட மாங்கனீஸ் டைஆக்சைடு மாதிரி. தமிழ்ல வினையூக்கி, வினைவேக மாற்றி ரெண்டும் ஓடுது, இலங்கைல ஊக்கி. ஊக்கின்னா பின்னாடி நின்னு தள்ளிவிடுறவன் மாதிரி ஒரு எண்ணம் வரும். ஆனா அது மூலக்கூறுக்கு ஆற்றல் கொடுக்கிறதில்ல, கிளர்வு ஆற்றல் குறைவா இருக்கிற வேற ஒரு வழியைத் திறந்து விடுது. கடைசில எவ்வளவு விளைபொருள் கிடைக்கும்ங்கிற சமநிலையையும் அது மாத்தாது, சீக்கிரம் அங்க போய்ச் சேர வைக்கும், அவ்வளவுதான். ‘வினைவேக மாற்றி’ நிதானமான பேர்தான், ஆனா கூட்டுதா குறைக்குதான்னு அதுல தெரியாது, இன்னைய வரையறைல கூட்டுறதை மட்டும்தான் கேட்டலிஸ்ட்னு சொல்றாங்க, குறைக்கிறதுக்குத் தடுப்பான்னு தனிப் பேர் உண்டு. அதனால என் ஓட்டு வினையூக்கிக்குத்தான்.

‘கேட்டலிசிஸ்’னு பேர் வச்சது ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், 1835ல. கிரேக்கத்துல ‘கட்டா’ன்னா கீழே, ‘லைசிஸ்’னா அவிழ்தல், ஆக கட்டவிழ்தல். அதுக்கு 12 வருஷம் முன்னாடி, 1823ல ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் ஹைட்ரஜனைப் பிளாட்டினம் மேல பீச்சி விட்டு, தீப்பொறியே இல்லாம அது காத்துல பத்தி எரியுறதைப் பார்த்தார், நான் மேல சொன்ன அதே ஹைட்ரஜன் ஆக்ஸிஜன் கலவைதான். ஏன் அப்படி ஆச்சுன்னு பெர்சீலியஸுக்குத் தெரியாது, ஆனா பேர் சரியா விழுந்துடுச்சு. பிளாட்டினம் மேல போய் உக்கார்ந்ததும் ஹைட்ரஜன் மூலக்கூறோட கட்டு நிஜமாவே அவிழ்ந்து ரெண்டு தனி அணுவா நிக்குது.