சட்டையும் பில்களும் ஒரே பையில்

"இருக்கட்டும், எதுக்காவது உதவும்." வீட்டு அடைசலுக்காக ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். கூட வந்த மகனோ மகளோ, "பாதியைத் தூக்கிப் போட்டால்தான் சரிப்படும்" என்பார்கள். எவ்வளவு சாமான் இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. கட்டிலில் படுக்க முடிகிறதா, மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா, இரவில் கழிப்பறைக்குப் போகும்போது காலில் ஏதாவது தட்டுகிறதா என்றுதான் கேட்பேன். இதெல்லாம் சரியாக இருந்தால், நான்கு அலமாரி நிறையப் பொம்மை சேர்த்தாலும் அது அவரவர் விருப்பம். யாரும் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை.

கணவரை இழந்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) கணவருடைய சாமான்களைக் கட்டிலில் குவித்துவிட்டு, தான் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பையை மட்டும் எடுத்துவரச் சொன்னேன். மை காய்ந்த பேனாக்கள், எப்போதோ கட்டி முடித்த பில்கள், எந்தப் போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள். அடியில் ஒரு சட்டை. அதில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் கணவரே தைத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மா முதன்முறையாகச் சிரித்தார். பில்களைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. சட்டை வீட்டுக்குத் திரும்பியது, பில்கள் திரும்பவில்லை. பையைப் பிரிக்காதவரை இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் இருந்தது.

நம்முடையது என்றாலே மனம் விலையை ஏற்றிவிடும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையில், சற்றுமுன் இலவசமாகக் கோப்பை பெற்றவர்கள் அதற்குக் கேட்ட விலை, வாங்குபவர்கள் தர நினைத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிடப் பழக்கத்துக்கே இப்படியென்றால், பல வருடம் கூடவே இருந்த பொருளைக் கேட்கவா வேண்டும்!

நினைவு வேண்டும், இடம்தான் இல்லை என்பவர்களைப் போட்டோ எடுக்கச் சொல்வேன். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொருளைப் படம் எடுத்துவைக்கும்படி ஊக்குவிக்கப்பட்ட விடுதி மாணவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாகத் தானம் கொடுத்தார்கள். (அப்புறம் போன் நிரம்பிவிட்டது என்று வராதீர்கள்.)

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சாமான் சேர்ப்பவர் வெளியூர் போன நேரம் பார்த்து வீட்டை ஒழிக்காதீர்கள். எதையும் கழிக்கவே முடியாமல் தவிப்பது மனநலக் கோளாறாகவும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு அதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. பெரும்பாலும் இளவயதில் தொடங்கி, வயது ஏற ஏற முற்றும். சோம்பேறித்தனம் என்று திட்டினால் குறையாது. தெரியாமல் அள்ளிப் போட்டால் உங்கள் மேலுள்ள நம்பிக்கை போகும், சாமானும் மறுபடி சேர்ந்துவிடும். சிகிச்சையில் நாங்கள் பழக்குவது முடிவெடுப்பதைத்தான். எதை விடுவது என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். உதவப் போகிறவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டு முதலில் வாசல், அடுப்படி, நடைவழி இந்த மூன்றையும் சரிசெய்யுங்கள். நினைவுப் பொருட்கள் பக்கம் கடைசியாகப் போகலாம்.