ஹார்னஸ்: கம்பிக் கற்றை

சிங்கப்பூரில் பத்து ஆண்டு சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்தும் காரை விட மனமில்லாமல் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள், பட்டறைகள் நிறைந்த சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ மெக்கானிக் வாயிலிருந்து என்றாவது கேட்கக்கூடிய சொல் 'ஹார்னஸ்'. 'வயர் போயிருச்சுண்ணே' என்றால் புரிந்துவிடும். 'ஹார்னஸ் போயிருச்சு' என்றால் செலவு பெரிது என்பது மட்டும் புரியும்.

சென்சார், இன்ஜெக்டர், என்ஜின் கணினி என்று பல இடங்களுக்கும் போகும் வயர்களைச் சேர்த்து, டேப் சுற்றி, முனைகளில் கனெக்டர் மாட்டிய மொத்த அமைப்புதான் ஹார்னஸ். பழைய பிரெஞ்சில் இச்சொல் போர்வீரனின் கவசத்தையும் தளவாடத்தையும் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபின் வண்டிக் குதிரைக்குப் பூட்டும் வார்களுக்குப் பெயராயிற்று. அகராதிகள் 'சேணம்' என்று பொருள் தருவது இதனால்தான். அதற்காக 'மின்சேணம்' என்று ஆக்கினால் குதிரைதான் கண்முன் வரும், கார் வராது. பிரிட்டிஷ்காரர்கள் இதையே 'லூம்', அதாவது தறி என்பார்கள். ஜெர்மானியர் வைத்த பெயருக்குக் 'கேபிள் மரம்' என்று பொருள். நடுத்தண்டிலிருந்து கிளை பிரிவதைப் பார்த்து வைத்த பெயர், அழகு.

தமிழுக்கு என் தேர்வு 'கம்பிக் கற்றை'. மெல்லிய, நீண்ட பொருள்கள் சேர்ந்திருப்பது கற்றை. தேவாரத்தில் சிவனுக்குக் கற்றைச் சடை, அறிவியல் பாடத்தில் ஒளிக்கற்றை. 'வயர் கட்டு' என்றும் சொல்லலாம்தான், ஆனால் ஹார்ட்வேர் கடையில் சுருட்டி விற்கும் புது வயர்தான் நினைவுக்கு வருகிறது.

பழைய என்ஜினில் கற்றையைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. வயரின் உறை காய்ந்து வெடிக்கும். 1990களின் முற்பாதியில் வந்த சில மெர்சிடிஸ் கார்களில் தொட்டாலே உதிரும். அப்புறம் ஈரம் இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். (இந்தச் சொல்லைத் தேடவே வேண்டாம், குத்துவிளக்கு துலக்கியவர்களுக்குத் தெரியும்.)

கெட்ட இடத்தைச் சரிசெய்ய, பேட்டரியைக் கழற்றிவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டி, அதே பருமனுள்ள வயரைச் சேர்க்க வேண்டும். இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக இருக்கட்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால், ஈயம் முடியும் இடத்தில் என்ஜின் அதிர்வால் கம்பி ஒடியலாம். அதனால் கிரிம்ப் (வயர் முனைகளை இணைக்கும் சிறு உலோகக் குழல்) போட்டு நெரித்து, சூட்டில் சுருங்கும் பசைக்குழாயால் மூடுவது நல்லது. உறை முழுக்கப் பொடிந்திருந்தால் ஒட்டுப்போடுவது வீண், கற்றையையே மாற்ற வேண்டும். ஆகவே மெக்கானிக் விலை சொல்லும்போது, கெட்டது கற்றை முழுவதுமா ஒரு கிளை மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.