ராத்திரியில் சோலார் பேனல் பேட்டரியைக் குடிக்குமா?

கடையம் பக்கம் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து சோலார் வேலி போட்ட வாசகர் கேட்கிறார்: "பேனலையும் பேட்டரியையும் நேராச் சேர்த்துட்டாங்க. ராத்திரி கரண்டு பேனலுக்குத் திரும்பிப் போகாதா? சாக்கு போட்டு மூடச் சொல்லுதாங்க."

திரும்பிப் போகும். சாக்கு போட்டாலும் போகும். இருட்டில் கிடக்கும் பேனலை இன்னும் மூடி என்ன ஆகப்போகிறது?

12 வோல்ட் பேனலில் 36 சிலிக்கான் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும், பிளஸ் டூ செய்முறையில் வளைகோடு வரைந்தோமே, அதே பி-என் (p-n) சந்தி டயோடுதான், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். சிலிக்கானில் பாஸ்பரஸ் கலந்தால் என் (n) வகை, போரான் கலந்தால் பி (p) வகை. கலக்கும் அளவுதான் வியப்பு: 50 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு போதும், உலவும் எலக்ட்ரான்கள் ஆறு லட்சம் மடங்குக்கு மேல் கூடிவிடும்.

இரண்டு வகையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் பக்கத்து எலக்ட்ரான்கள் நெரிசல் குறைந்த பக்கமாகப் பரவி, எல்லை தாண்டி, பி பக்கத்துத் துளைகளில், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களில், விழுகின்றன. யாரும் தள்ளவில்லை. ஆனால் போவது எலக்ட்ரான் மட்டும்தான். அதைக் கொடுத்த பாஸ்பரஸ் அணு, அறைந்த ஆணி மாதிரி படிகத்திலேயே நேர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட போரான் எதிர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. போகப் போக இந்த இரண்டு வரிசைகளும் தடித்து, அடுத்துக் கிளம்பும் எலக்ட்ரானைப் பின்னால் இழுக்கின்றன. பரவலும் இழுப்பும் சரிக்குச் சரியானதும் எல்லாம் நிலைகொள்கிறது. நடுவில் மிஞ்சுவது உலவும் மின்னூட்டமே இல்லாத பட்டை. பாடநூல் அதை இயக்கமில்லாப் பகுதி என்கிறது. இருபுறமும் மேற்சொன்ன அளவில் கலந்தால் பட்டையின் அகலம் அரை மைக்ரானுக்கும் குறைவு. அதன் குறுக்கே 0.7 வோல்ட். அற்பமாகத் தெரியும். அகலத்தால் வகுத்துப் பாருங்கள்: சென்டிமீட்டருக்குச் சுமார் 16,000 வோல்ட்! எந்தப் பேட்டரியும் இல்லாமல் தானாக எழும்பிய அரண் அது.

பகலில் ஒளி பிய்த்தெடுக்கும் எலக்ட்ரானை என் பக்கம் இழுத்துத் தள்ளுவதும் இந்த அரண்தான். 1940-ல் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் இந்தச் சந்தியைக் கண்டுகொண்டதே, விரிசல் விழுந்த சிலிக்கான் துண்டில் வெளிச்சம் பட்டு மின்னழுத்தம் எழுந்ததைப் பார்த்துத்தான்.

இரவில் பேட்டரியின் பிளஸ், செல்களின் பி பக்கத்தைப் பார்க்கிறது. அதாவது முன்னோக்குச் சார்பு, டயோடு மின்சாரத்தை விடும் திசை. ஆனால் 12.6 வோல்ட்டை 36 செல்கள் பங்கிட்டால் ஆளுக்கு 0.35 வோல்ட்தான். சந்தியில் ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறும் என்பதால், அரணில் பாதி உயரத்தில் ஓடுவது மிகக் குறைவு. நல்ல பேனலால் பேட்டரிக்குப் பெரிய சேதமில்லை. செல்லில் நுண்விரிசல் விழுந்த, ஓரத்தில் ஈரம் புகுந்த பழைய பேனல்தான் ஆபத்து. அதில் சந்தியைச் சுற்றிக் கசிவுப் பாதை உண்டாகி, விடிய விடிய இழுக்கும்.

நெல்லைப் பக்கம் கங்கைகொண்டானில் இந்தச் செல்களையே செய்கிறார்கள். செல்லின் கசிவை அளக்கும் கருவி நெல்லைச் சீமைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். அரசு அதற்குத் தாராளமாகவே பணம் ஒதுக்கலாம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி, அதாவது சார்ஜ் கண்ட்ரோலர், இருந்தால் கவலை வேண்டாம், அதுவே தடுத்துவிடும். இல்லையென்றால் பேனலின் பிளஸ் ஒயரில் ஒரு டயோடு சேருங்கள். டயோடின் ஒரு முனையில் உள்ள வெள்ளிக்கோடு பேட்டரியைப் பார்க்க வேண்டும். 40 வாட் பேனல் 2 ஆம்பியருக்கு மேல் தரும். 1 ஆம்பியர் தாங்கும் 1N4007 டயோடு அதில் கருகிவிடும். 3 ஆம்பியருக்கான 1N5408 தாங்கும். ஆனால் அது 0.8 வோல்ட் அளவுக்குத் தின்னும். அக்னி நட்சத்திர வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறினால் செல்லுக்கு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் குறைந்து, 25 டிகிரியில் பேனல் தரும் 18 வோல்ட் 15-க்கு இறங்கும். டயோடும் ஒயரும் தின்றது போக, பேட்டரி நிரம்பத் தேவையான 14.4 வோல்ட் எட்டாது. அதனால் 0.4 வோல்ட் அளவே தின்னும் ஷாட்கி டயோடு வாங்குங்கள்.

மாட்டுமுன் மல்ட்டிமீட்டரை டயோடு குறியில் வையுங்கள். ஒரு பக்கம் சாதா டயோடு 0.5 முதல் 0.7 வரை காட்டும், ஷாட்கி 0.2, 0.3 காட்டும், திருப்பிப் பிடித்தால் எதுவும் காட்டக் கூடாது. இரு பக்கமும் பூஜ்யம் என்றால் டயோடு ஷார்ட். ஷார்ட் ஆன டயோடோடும் பகலில் சார்ஜ் நன்றாகவே ஏறும், அதனால் பழுது கண்ணில் படாது. சந்தேகம் வந்தால் இருட்டியபின் பேனல் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மில்லியாம்பியர் குறியில் வைத்துப் பாருங்கள்.